மூன்று ஹெட்டர், ஆறு ஃபேன்

வீட்டுக்கு வருகிற தண்ணீர் கேன் 20 லிட்டர். கூலர் மாஸ்டரின் என்ஆர்200பி கேபினட்டின் மொத்தக் கொள்ளளவு 18.25 லிட்டர். கேனைவிடச் சின்னதான அந்தப் பெட்டிக்குள் ரைசன் 5 7600 சிபியூ, ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ், இவற்றோடு ஆறு ஃபேன் வைத்திருக்கிறேன். ஆறும் சுற்றுகின்றன. ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிற எனக்கு எதுவும் கேட்கவில்லை! இதைப் பற்றி யாரிடமாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும்போல இருக்கிறது.

எனக்குச் சத்தம் ஒரு பெரிய விஷயம். அதே அறையில்தான் குரல்பதிவு செய்கிறேன். பதிவு நேரத்தில் சீலிங் ஃபேனை நிறுத்திவிடுவேன். சென்னையில், மே மாதத்தில்! அந்தப் புழுக்கத்தில் அறையில் மிஞ்சுகிற ஒரே ஓசை கம்ப்யூட்டருடையது. அது வாயைத் திறந்தால் பதிவு போச்சு.

“இவ்வளவு சின்னப் பெட்டிக்கு ஆறு ஃபேனா? சத்தம் ஆறு மடங்கு வராதா?” என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். கேட்கட்டும், பதில் சொல்ல எனக்கு அவ்வளவு ஆசை. ஒரு ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் அது தள்ளும் காற்றும் பாதியாகும். ஆனால் அதற்குத் தேவைப்படும் மின்சக்தி எட்டில் ஒன்றாகிவிடும்; சத்தம் ஏறக்குறைய 15 டெசிபெல் இறங்கிவிடும். இப்போது பக்கத்திலேயே இன்னொரு ஃபேனை அதே பாதி வேகத்தில் ஓடவிடுங்கள். காற்று பழைய அளவுக்கு வந்துவிடும். சத்தம் கூடுவதோ 3 டெசிபெல்தான். ஆக, அதே காற்று, 12 டெசிபெல் குறைந்த சத்தம், கால் பங்கு மின்சக்தி! கேபினட்டின் வலை, தூசி ஃபில்டர் என்று இந்தக் கணக்கில் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். கழித்த பிறகும் கை நிறைய மிஞ்சுகிறது.

சரி, ஆறையும் எங்கே செருகுவது? என் மதர்போர்டு மினி ஐடிஎக்ஸ், அதாவது 17 சென்டிமீட்டர் சதுரம். வியா நிறுவனம் 2001இல் கொண்டுவந்த அளவு. அந்த இடத்தில் ஃபேனின் பிளக்கைச் செருகும் ஹெட்டர் பெரும்பாலும் இரண்டு மூன்றுதான் இருக்கும். என் போர்டில் மூன்று. இது போதாதே என்று கவலைப்படுகிறவர்களுக்கு அந்த நான்கு பின் பிளக்கைக் கையில் கொடுத்து, இதைக் கொஞ்சம் பாருங்கள் என்பேன்.

எவ்வளவு அழகான வடிவமைப்பு அது! முதல் வயர் கிரவுண்ட். இரண்டாவதில் 12 வோல்ட், எப்போதும் குறையாமல். மூன்றாவது ஃபேன் போர்டுக்குச் சொல்லும் பதில்: ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு. நிமிடத்துக்கு 900 சுற்று என்றால் நொடிக்கு 30 துடிப்பு. நான்காவதுதான் பிடபிள்யூஎம், போர்டு ஃபேனுக்கு இடும் கட்டளை. நொடிக்கு 25,000 முறை சிக்னலை ஏற்றி இறக்கி, அதில் எத்தனை பங்கு நேரம் ஏறியிருக்கிறது என்பதை வைத்து வேகத்தைச் சொல்கிறது. மனிதக் காது 20,000 வரைதான் கேட்கும். இது அதற்கும் மேலே. அதனால் கட்டளையின் ரீங்காரம் நம் காதுக்கு எட்டாது. அந்த நான்காவது வயர் அறுந்துபோனால்? ஃபேன் நிற்காது, முழு வேகத்தில் ஓடும். அறுந்தாலும் கம்ப்யூட்டரைக் காப்பாற்றுகிற பக்கமாகவே அறுகிறது. இப்படி யோசித்து வைத்த இன்டெல் பொறியாளர்களைக் கும்பிடத் தோன்றுகிறது.

கட்டளை ஒரு வயரில் தனியாக வருவதால் ஒரே கட்டளையைப் பல ஃபேன்களுக்குப் பங்கு வைக்கலாம். மின்சாரமும் தாங்குமா? போர்டின் ஹெட்டர் ஒன்று பொதுவாக 1 ஆம்பியர் தரும். நோக்டுவாவின் என்எஃப்-ஏ12x25 ஃபேன் எடுப்பது 0.14 ஆம்பியர்தான். இரண்டைச் சேர்த்தால்கூட ஹெட்டர் மூச்சு வாங்காது. ஆர்க்டிக் பி12 வகையில் ‘பிஎஸ்டி’ என்று போட்டிருப்பதை வாங்கினால், ஒரு ஹெட்டரைப் பல பிளக்காகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர்கூட வேண்டாம். ஒரு ஃபேனின் வயரிலேயே அடுத்த ஃபேனுக்கான சாக்கெட் தொங்குகிறது. கையளவு இடத்தில் வயர் இழுப்பவர்களுக்கு இது வரம். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: துடிப்பை எண்ணிச் சொல்கிற மூன்றாவது வயர் ஒரு ஃபேனிலிருந்து மட்டுமே போர்டுக்குப் போக வேண்டும். நல்ல ஸ்பிளிட்டரில் மற்ற பிளக்கில் அந்தப் பின்னே இருக்காது. சிபியூ ஹெட்டருக்கு அந்தத் துடிப்பு கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் பல போர்டுகள் ஃபேன் எரர் காட்டி நின்றுவிடும்.

நான் பிரித்த விதம் இது. சிபியூ ஹெட்டரில் நோக்டுவா என்எச்-யு9எஸ் கூலரின் ஃபேனும் பின்பக்க 92 மில்லிமீட்டர் ஃபேனும். இரண்டாவதில் அடியிலுள்ள ஜோடி, 15 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட பி12 ஸ்லிம். என் கிராபிக்ஸ் கார்டு ஏறக்குறைய மூன்று ஸ்லாட் பருமன், 25 மில்லிமீட்டர் ஃபேன் அதன் கீழே நுழையாது. மூன்றாவதில் மேலேயுள்ள ஜோடி. இந்த மூன்றாவது பம்ப்புக்கென்று வைத்த ஹெட்டர்; பயாஸில் முழு வேகம் என்று இருப்பதை மாற்றிவிட்டால் சாதாரண ஹெட்டர்போல அடங்கிவிடுகிறது.

இனிமேல்தான் உண்மையான ஆனந்தம். 7600 சிபியூவின் டிடிபி 65 வாட். 4070 கார்டோ 200 வாட். உள்ளே கொதிப்பதில் பெரும்பங்கு கார்டினுடையது. ஆனால் பல போர்டுகளின் பயாஸுக்குக் கார்டின் சூடு தெரியவே தெரியாது; சிபியூவைப் பார்த்தே எல்லா ஃபேனையும் ஓட்டும். ‘ஃபேன் கன்ட்ரோல்’ என்ற இலவச விண்டோஸ் மென்பொருள் இந்தக் குறையைத் தீர்க்கிறது. (லினக்ஸ்காரர்களுக்கு ‘கூலர்கன்ட்ரோல்’ இருக்கிறது.) அடி ஜோடியைக் கார்டின் வெப்பநிலையோடு கட்டினேன். மேல் ஜோடிக்கு ‘மிக்ஸ்’ கர்வ்: சிபியூ, கார்டு இரண்டில் எது அதிக வேகம் கேட்கிறதோ அதற்குக் கட்டுப்படும். முதல் தடவை கேம் ஓட விட்டு, அடி ஜோடி மெல்ல வேகமெடுப்பதையும், பின்னாலேயே மேல் ஜோடி எழுவதையும், சிபியூ ஃபேன் கண்டுகொள்ளாமல் தன் வேகத்தில் ஓடுவதையும் திரையில் பார்த்தபோது கைதட்டிவிட்டேன்.

ஹிஸ்டெரெசிஸ் என்கிற அமைப்பை மட்டும் யாரும் விட்டுவிடக் கூடாது. பிரவுசரைத் திறந்தால் போதும், ரைசனின் வெப்பநிலை ஒரு நொடி துள்ளி இறங்கும். ஃபேனும் கூடவே துள்ளினால் காதுக்கு எரிச்சல். நிலையான இரைச்சலைக் காது மறந்துவிடும். ஏறி இறங்குவதை மறக்காது. சில டிகிரி, சில நொடி பொறுத்து நகரும்படி வைத்தால் அந்தத் துள்ளல் ஃபேன்வரை வருவதே இல்லை.

ஆறைத் தாண்டிப் போகிறவர்களுக்கு சாட்டா பவரில் ஓடும் ஹப் இருக்கிறது. மின்சாரம் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து, கட்டளை மட்டும் போர்டிலிருந்து. சாட்டா பிளக்கில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர், மொத்தம் 54 வாட். ஆர்க்டிக்கின் ஹப்பில் பத்து ஃபேன் செருகலாம். எனக்கு இன்னும் அது தேவைப்படவில்லை.

என் கண் இப்போது வேறொன்றின் மேல். கிராபிக்ஸ் கார்டின் பிளாஸ்டிக் உறையையும் அதன் குட்டி ஃபேன்களையும் கழற்றிவிட்டு, ஹீட்சிங்க்கின் அடியிலேயே இரண்டு முழுத் தடிமன் 120 மில்லிமீட்டர் ஃபேன்களைக் கட்டுகிறார்கள். கார்டிலுள்ள குட்டி நான்கு பின் ஹெட்டரிலிருந்து சாதாரண ஃபேனுக்கு மாற்றும் அடாப்டர் கேபிள் கிடைக்கிறது. அதைப் போட்டால் கார்டே தன் சூட்டைப் பார்த்து அந்தப் பெரிய ஃபேன்களை ஓட்டும். மென்பொருளே வேண்டாம், போர்டில் ஒரு ஹெட்டரும் மிச்சம். வாரண்டி முடிவதற்காகக் காத்திருக்கிறேன். கேபிளை இப்போதே வாங்கி வைத்தாயிற்று.