வெயிலைச் சலிக்கும் கதவுகள்

சித்திரை மாதத்து நடுப்பகலில் புதுச்சேரியின் துய்மா வீதியில் நடந்து பாருங்கள். மாடி ஜன்னல்கள் பெரும்பாலும் சாத்தியே இருக்கும். ஆளில்லாத வீடுகள் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். உள்ளே ஆள் இருக்கிறார்கள், காற்று வருகிறது, உட்கார்ந்து படிக்கும் அளவுக்கு வெளிச்சமும் இருக்கிறது. அந்த ஜன்னல்களில் மாட்டியிருப்பவை சாய்வான மரப்பட்டைகளை வரிசையாகக் கோத்த லூவர் கதவுகள். சாத்தியிருக்கும்போதுதான் அவை முழு வேலையையும் செய்கின்றன. நம் ஊர் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் இதைவிடப் பொருத்தமான ஜன்னல் கதவை நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு நிபந்தனை உண்டு. அந்தக் கதவு அந்த ஜன்னலுக்கென்றே அளவெடுத்துச் செய்ததாக இருக்க வேண்டும்.

இதன் அழகு முழுவதும் பட்டையின் சாய்வில் இருக்கிறது. ஒவ்வொரு பட்டையும் உள்பக்கம் உயர்ந்தும் வெளிப்பக்கம் தாழ்ந்தும் நிற்கும். மேலிருந்து இறங்கும் வெயில் பட்டையில் மோதி நின்றுவிடும். தரையிலும் எதிர்ச் சுவரிலும் பட்டுத் திரும்பும் வெளிச்சம் மட்டும் கீழிருந்து மேலாக நுழைந்து அறையின் கூரையைத் தொடும். அங்கிருந்து அது அறை முழுக்கப் பரவும்போது கண்ணைக் கூசவைக்கும் கூர்மை போயிருக்கும். மழைத்துளி பட்டையில் விழுந்தால் வெளியேதான் வழியும். பார்வைக்கும் இதே கணக்குத்தான். மாடியில் நிற்பவர் பட்டைகளின் இடைவெளியில் கீழே தெருவைப் பார்க்கலாம். தெருவில் நிற்பவர் நிமிர்ந்து பார்த்தால் அறையின் கூரைதான் தெரியும். வெயில், மழை, பார்வை, காற்று ஆகிய நான்குக்கும் ஒரே சாய்வில் பதில் சொன்ன அந்தப் பழைய தச்சர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

இதோடு வெப்பத்தின் கணக்கு ஒன்றும் இருக்கிறது. கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே எவ்வளவு கனமான திரையைத் தொங்கவிட்டாலும், வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்தபிறகே திரையைத் தொடுகிறது. திரை சூடேறி, அந்தச் சூட்டை அறைக்குள்ளேயே விடுகிறது. லூவர் கதவு வெயிலைச் சுவருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுகிறது. அதன் சூட்டைக் கடற்காற்று கொண்டுபோய்விடும்.

1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765இல் ஊர் மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தபின் எழுந்த வீடுகளின் வழியில் வந்ததுதான் இன்று நாம் காணும் ஜன்னல் வரிசை. கடலுக்கும் பெரிய வாய்க்காலுக்கும் நடுவில் உள்ள வீதிகளோடு அது நின்றுவிடவில்லை. வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதியில் கீழே திண்ணையும் தாழ்வாரமுமாகத் தமிழ் வீடு, மேலே வளைவு ஜன்னலும் லூவர் கதவுமாகப் பிரெஞ்சு மாடி என்று இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் வீடுகள் உண்டு. வைசியாள் வீதி என்று அறியப்படும் கல்வே சுப்பராயச் செட்டித் தெருவில் இப்படிப்பட்ட முகப்புகளைச் சீர்செய்த பணிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுக் காப்பு விருது கிடைத்தது. லூவர் கதவை ரசிக்க நினைப்பவர்கள் முதலில் அந்தத் தெருவுக்குப் போகலாம். கீழ்த்தளத்துத் திண்ணையும் மேல்தளத்து லூவரும் ஒரே வெயிலுக்கு இரண்டு மரபுகள் கண்ட விடைகள் என்பது அங்கே நின்றால் புரியும்.

ஆனால் லூவர் என்ற கருத்தை அதன் எல்லை வரை கொண்டுபோன கட்டடம் வேறொன்று. அதுவும் புதுச்சேரியில்தான் இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைச் சொல்கிறேன். அதை வடிவமைத்தவர் பொஹிமியாவில் பிறந்து டோக்கியோவில் தொழில் நடத்திய அன்டோனின் ரேமண்ட். பின்னாளில் மரச்சாமான் கலைஞராக உலகப் புகழ்பெற்ற ஜார்ஜ் நாகஷிமாவும் பிரான்டிசெக் சம்மரும் உடனிருந்து கட்டினார்கள். 1930களின் பிற்பகுதியில் தொடங்கிய பணி 1940களில் நிறைவடைந்தது. இந்தியாவில் எழுந்த முதல் நவீனக் கான்கிரீட் கட்டடங்களில் அது ஒன்று. அதன் வடக்கு, தெற்கு முகங்களில் சுவருக்குப் பதிலாகத் தரையிலிருந்து கூரை வரை திருப்பக்கூடிய பட்டைகள்தான் இருக்கின்றன. அறையில் இருப்பவர் கைப்பிடியைத் திருப்பினால் முகப்பின் அந்தப் பகுதி திறக்கும், மூடும். அறைக்கும் நடைக்கும் இடையில் தேக்குச் சட்டங்களால் ஆன தள்ளுகதவுகள். சட்டங்களை முன்னும் பின்னுமாக மாற்றி அடித்திருப்பதால் பார்வை நுழையாது, காற்று நுழையும். தெற்குத் தோட்டத்தில் மரங்கள் குறைவு, வடக்கே அடர்த்தி. இரண்டு பக்கமும் சூடு வேறுபடுவதால் காற்று அசைந்துகொண்டே இருக்கிறது. கீல், கைப்பிடிகளுக்கான பித்தளையை ஆசிரமத்தில் புழங்காமல் கிடந்த பாத்திரங்களை உருக்கி அங்கேயே வார்த்தெடுத்தார்கள். ஒரு ஜன்னல் கதவை வீட்டளவுக்குப் பெரிதாக்கினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு கோல்கொண்டாதான் விடை. பணத்தைவிட அதில் அதிகம் செலவானது கவனம்.

அந்தக் கவனத்தில் கொஞ்சம் நம் வீட்டுக்கும் வேண்டும். லூவர் செய்யச் சொல்வதற்கு முன்னால் எந்த ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று ஒரு முழு நாள் நின்று பாருங்கள். மேற்கு ஜன்னலுக்குச் சாயங்காலத்துத் தாழ்ந்த வெயில் நேராக வரும். அங்கே பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று நன்றாக ஏறி நிற்க வேண்டும். வடக்கு ஜன்னலுக்கு அவ்வளவு தேவையில்லை, இடைவெளியைத் தாராளமாக விடலாம். கிழக்கே கடல் இருந்தால் மதியத்துக்கு மேல் காற்று அங்கிருந்துதான் வரும்; அந்த ஜன்னலுக்குப் பட்டைகளைத் திருப்பும் வசதி வையுங்கள். மற்றவற்றுக்கு அசையாத பட்டையே போதும், பழுது குறைவு. எல்லா ஜன்னலுக்கும் ஒரே மாதிரி என்று மொத்தமாகச் சொல்லிவிடுவது தச்சருக்கு எளிது, வீட்டுக்கு நல்லதல்ல.

பட்டையின் கணக்கைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. இரண்டரை இன்ச் அகலப் பட்டையை 45 பாகை சாய்த்தால் அது செங்குத்தாக மறைக்கும் உயரம் சுமார் ஒன்றே முக்கால் இன்ச். ஒன்றரை இன்ச்சுக்கு ஒரு பட்டை என்று வைத்தால் மேல் பட்டையின் கீழ்விளிம்பு அடுத்த பட்டையின் மேல்விளிம்பைக் கால் இன்ச் தாண்டி இறங்கி நிற்கும். அந்தக் கால் இன்ச்தான் வெயிலையும் பார்வையையும் மறிக்கிறது. மரத்தை மிச்சம் பிடிப்பதற்காக இரண்டு இன்ச்சுக்கு ஒன்று என்று வைத்த கதவுகளை இப்போது நிறைய பார்க்கிறேன். நேரே நின்றால் வீட்டின் உள்ளே தெரிகிறது. லூவர் போலத் தோற்றம் இருக்கிறது, லூவரின் வேலை இல்லை.

மரம் என்றால் தேக்குத்தான். அதன் எண்ணெய்ப் பசை கரையானையும் ஈரத்தையும் தாங்கும். மழையிலும் வெயிலிலும் மற்ற மரங்களைவிடக் குறைவாகவே உப்பிச் சுருங்கும். நன்றாக உலர்ந்த பலாவும் வேங்கையும் சட்டத்துக்கு ஒத்துவரும். பட்டைக்கு மட்டும் தேக்கை விட்டுக்கொடுக்காதீர்கள், ஏனென்றால் மெல்லிய பட்டைதான் முதலில் முறுக்கிக்கொள்ளும். பிளைவுட்டிலோ எம்டிஎஃப்பிலோ பட்டை வெட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வணக்கம் சொல்லி அனுப்பிவிடலாம். வெட்டிய விளிம்பில் ஈரம் ஏறினால் ஒரு மழைக்காலத்தில் இதழ் இதழாகப் பிரிந்துவிடும். அலுமினிய லூவர் கடலோரத்தில் உப்புக் காற்றால் புள்ளி புள்ளியாக அரிக்கும், வெயிலில் தொட்டால் சுடும்.

பட்டறையில் போய் நின்று பார்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு. நெடுஞ்சட்டத்தில் பட்டை உட்காரும் காடிகள் எல்லாமே ஒரே சாய்வில் இருக்கின்றனவா? நல்ல ஆசாரி முதலில் ஒரு மரத்துண்டில் சாய்வு அச்சு வெட்டிக்கொண்டு, அதை வைத்துத்தான் ஒவ்வொரு காடியையும் கோடிடுவார். இடது சட்டத்தையும் வலது சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே நேரத்தில் குறிப்பார். மரம் நீளவாக்கில் கூடுவதில்லை, அகலவாக்கில் கூடும். அதனால் காடியில் பட்டையின் அகலத்துக்கு அரை நூல் இடம் விட்டிருக்க வேண்டும். இறுக்கி அடித்த பட்டை ஐப்பசியில் சட்டத்தையே பிளந்துவிடும். சட்டத்தின் மூலைகள் துளையும் கழுந்துமாகச் சேர்ந்து ஆப்பு இறங்கியிருக்க வேண்டும், வெறும் ஆணியும் பசையுமாக இருக்கக் கூடாது. அடிச் சட்டத்தின் மேல்முகம் வெளிப்பக்கம் சரிவாக இழைக்கப்பட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அது சமதளமாக இருந்தால் கடைசிப் பட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவே தண்ணீர் தங்கும். பழைய லூவர் கதவுகள் செத்துப்போகத் தொடங்குவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

அளவெடுப்பது கோடையிலா மழையிலா என்பதையும் யோசியுங்கள். பங்குனி, சித்திரையில் மரம் உலர்ந்து ஒடுங்கியிருக்கும். அப்போது நிலைக்குள் இறுக்கமாகப் பொருத்திய கதவு ஐப்பசியில் நிலையைக் கடித்துக்கொள்ளும். கோடையில் பொருத்தினால் சுற்றிலும் ஒரு நூலுக்குக் குறையாமல் இடம் விடச் சொல்லுங்கள். பழைய வீடாக இருந்தால் ஜன்னல் திறப்பு எந்த மூலையிலும் மூலைமட்டத்துக்கு நிற்காது. மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் அகலமும், குறுக்கே இரண்டு மூலைவிட்டமும் எடுக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் கம்பியும் கொசுவலையும். வெளியே லூவர், நடுவில் கம்பி, உள்ளே கண்ணாடியோ வலையோ என்ற வரிசைதான் சரி. ஆனால் கம்பிக்கு அப்பால் இருக்கும் லூவரைத் திறந்து மூடக் கை போக வேண்டுமே! இதை யோசிக்காமல் நெருக்கமாகக் கிரில் அடித்துவிட்டு, லூவரை நிரந்தரமாகத் திறந்தோ மூடியோ விட்டுவிட்ட வீடுகள் பல. கிரிலில் கை நுழையும் அளவுக்குச் சிறு கதவு ஒன்று வைத்தால் போதும்.

வண்ணத்தில் ரசனை ஆளுக்கு ஆள் வேறுபடும். மஞ்சள் சுவரில் வெள்ளை லூவரும், ஆசிரமக் கட்டடங்களின் சாம்பல் நிறமும் எனக்குப் பிடிக்கும். அடர் நிறம் வெயிலை அதிகம் இழுத்து மரத்தை வருத்தும் என்பதால் மேற்கு முகத்துக்கு வெளிர் நிறமே நல்லது.

பராமரிப்பில் முதல் விதி, தினமும் திறந்து மூடுவது. காலையில் திறந்து கொக்கியில் மாட்டி, வெயில் ஏறியதும் சாத்தி, சாயங்காலம் மறுபடி திறக்கிற வீட்டில் கீல் இறுகாது, கரையான் மண்கோடு போட்டால் அன்றைக்கே கண்ணில் படும். வாரம் ஒருமுறை உலர்ந்த தூரிகையால் பட்டைகளை மேலிருந்து கீழாகத் தட்டிவிட்டால் போதும். கடலோர வீடுகளில் உப்பு படிவதால் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்க வேண்டும். குழாயை வைத்து அடிக்காதீர்கள், காடிக்குள் போன தண்ணீர் எளிதில் வெளியே வராது. கீலுக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்; அது பிசுக்காகித் தூசியைச் சேர்க்கும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு துளி போதும். கீலும் திருகாணியும் பித்தளையாகவோ நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவோ இருக்கட்டும். இரும்பு ஆணி துருப்பிடித்து மரத்தில் கறுப்பாக வழிந்த பிறகு அந்தக் கறை போகாது.

வண்ணம் பூசும்போது பழைய பூச்சின்மேலேயே பூசிக்கொண்டு போவதுதான் பெரிய கேடு. அடுக்கு ஏற ஏற, திருப்பும் பட்டைகள் ஒட்டிக்கொள்ளும். பட்டையின் விளிம்பு மொழுமொழுவென்று தன் கூர்மையை இழக்கும். சுரண்டி எடுத்து, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் கொடுத்து, மெல்லியதாக இரண்டு கை பூசுங்கள். பழைய வீடானால் எச்சரிக்கை தேவை. வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது. நனைத்துச் சுரண்டுங்கள், முகக்கவசம் அணியுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். கதவைக் கழற்றி வைத்திருக்கும்போதே அடிச் சட்டத்தின் கீழ்முகத்துக்கும் பூசிவிட வேண்டும். மாட்டிய நிலையில் பூசுகிறவர் தூரிகை அங்கே போவதில்லை, ஈரம் போகிறது.

மழைக்காலத்தில் கதவு இறுகினால் உடனே இழைப்புளியை எடுக்காதீர்கள். தை, மாசி வரை பொறுங்கள். ஐப்பசியில் இழைத்த கதவு பங்குனியில் நிலைக்குள் கடகடவென்று ஆடும். புயல் அறிவிப்பு வந்தால் கொக்கியில் மாட்டிய கதவுகளை எடுத்துச் சாத்தி, மேலும் கீழும் தாழ்ப்பாள் போட்டு, உள்கண்ணாடியையும் மூடிவிடுங்கள். 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயலும், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயலும் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தவை. அப்படிப்பட்ட காற்று மழையைக் குறுக்காக அடிக்கும்போது எந்த லூவரும் தனியாகத் தாங்காது.

பழைய வீட்டை இடிப்பவர்களுக்கும் புதுப்பிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். லூவர் கதவின் அடிச் சட்டம் உளுத்திருந்தால் அதை மட்டும் வெட்டி எடுத்துப் புதுத் தேக்கு ஒட்டுப்போடலாம்; இரண்டு மூன்று பட்டை போயிருந்தால் அவற்றை மட்டும் மாற்றலாம். மேலே உள்ள பழைய தேக்கு இன்னும் பல தலைமுறைக்கு வரும். பழைய மரக் கடைக்காரருக்கு எடைக்குப் போடுவதற்கு முன்னால் நல்ல ஆசாரி ஒருவரைக் கூட்டிவந்து ஒருமுறை காட்டிவிடுங்கள்.