வீட்டுப் போர்விமானப் பாவனையாக்கிகளில் விமானத்தின் கையாளுமை: ஒரு திறனாய்வு

வீட்டுக் கணினியில் போர்விமானம் ஓட்டும் மென்பொருள்கள் 1980களிலிருந்து விற்பனையில் உள்ளன. இவற்றைப் பறப்புப் பாவனையாக்கி என்றும் சிமுலேட்டர் என்றும் அழைக்கிறோம். 1998இல் வெளிவந்த ஃபால்கன் 4.0, 2001இல் வெளிவந்த ஐஎல்-2 ஸ்டர்மோவிக், 2008இல் கா-50 உலங்கு வானூர்தியுடன் தொடங்கிய டிசிஎஸ் வரிசை ஆகியவை இத்துறையின் முக்கியப் படைப்புகள். இவை அனைத்தும் ஒரே உறுதிமொழியைத் தருகின்றன: உண்மையான விமானம் எப்படிப் பறக்குமோ அப்படியே இதுவும் பறக்கும். இந்த உறுதிமொழி எந்த அளவுக்கு நிறைவேறுகிறது, எங்கே நிறைவேற முடியாமல் போகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இதை வெறும் பொழுதுபோக்குச் சிக்கல் என்று ஒதுக்கிவிட இயலாது. இரண்டாம் உலகப் போரின் வான்போர் பற்றி இன்றைய இளைஞர் பலர் கொண்டுள்ள கருத்து நூல்களைவிட இத்தகைய மென்பொருள்கள் வழியாகவே உருவாகிறது. ஸ்பிட்ஃபயர் சிறந்ததா, மெசர்ஷ்மிட் பிஎஃப் 109 சிறந்ததா என்ற வாதத்தில் இன்று சான்றாகக் காட்டப்படுவது பெரும்பாலும் திரையில் கண்ட அனுபவமே. அந்த அனுபவம் எதன்மேல் நிற்கிறது என்று கேட்பது தேவையாகிறது.

செயல்திறனும் கையாளுமையும்

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். உச்ச வேகம், மேலேறும் வீதம், ஒரு வட்டம் திரும்ப ஆகும் நேரம் போன்றவை செயல்திறன். இவை எண்கள், சோதனை அறிக்கைகளில் கிடைக்கும், மென்பொருளில் சரிபார்க்கவும் எளிது. கட்டுப்பாட்டுத் தண்டை எவ்வளவு அசைத்தால், எவ்வளவு விசை கொடுத்தால், விமானம் எவ்வளவு விரைவாக, எப்படி மறுமொழி தருகிறது என்பது கையாளுமை. இது விமானிக்கும் விமானத்துக்கும் இடையே நடக்கும் ஓர் உரையாடல்.

எண்கள் எல்லாம் ஏட்டோடு பொருந்தியும் கையாளுமை முற்றிலும் பொய்யாக இருக்கலாம். தொடக்ககாலப் படைப்புகள் பலவற்றில் வேகமும் ஏற்ற வீதமும் ஏறக்குறையச் சரியாக இருந்தன. ஆனால் எல்லா விமானமும் ஒரே தண்டவாளத்தில் ஓடுவதுபோல் திரும்பின. மூக்கு ஓரிடத்தில் நின்றால் ஆணியடித்ததுபோல் நின்றது. ஆகவே, "உச்ச வேகம் சரியாக உள்ளது" என்பது கையாளுமைக்குச் சான்றாகாது.

கணக்கின் அடிப்படை

பறப்பைக் கணக்கிடப் பொதுவாக இரு வழிகள் உள்ளன. முதல் வழியில் விமானம் முழுவதையும் ஒரே பொருளாகக் கொண்டு, ஒவ்வொரு தாக்குகோணத்துக்கும் வேகத்துக்கும் உரிய தூக்குவிசை, இழுவை, திருப்புவிசைக் கெழுக்கள் அட்டவணையாகத் தரப்படுகின்றன. மென்பொருள் அட்டவணையைப் பார்த்து விடை சொல்கிறது. காற்றுச் சுரங்கச் சோதனையிலிருந்து அட்டவணை வந்திருந்தால் இது மிகத் துல்லியமானது. அட்டவணை முடியும் இடத்தில் துல்லியமும் முடிந்துவிடும்.

இரண்டாம் வழியில் இறக்கை, வால், உடற்பகுதி ஆகியவை பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டின் மேலும் படும் காற்றோட்டம் தனித்தனியே கணக்கிடப்படுகிறது. எக்ஸ்-பிளேன் இவ்வழியால் பெயர் பெற்றது. ஸ்டால் எனப்படும் தூக்குவிசை இழப்பின்போது ஓர் இறக்கை முதலில் விழுவதும், ஸ்பின் எனப்படும் சுழல்வீழ்ச்சி தொடங்குவதும் இவ்வழியில் தாமாகவே பிறக்கின்றன. ஆனால் ஒரு துண்டு மற்றொன்றின் காற்றோட்டத்தைக் கெடுக்கும் விதம் எளிதில் கணக்கில் அடங்காது. சுழல்வீழ்ச்சியில் உடற்பகுதி வால் சுக்கானை மறைப்பது இதற்கு எடுத்துக்காட்டு. அங்கே வடிவமைப்பாளரின் ஊகமே எஞ்சுகிறது.

எனவே "துண்டு முறை உயர்ந்தது, அட்டவணை முறை பழையது" என்ற பரவலான கருத்து சரியன்று. தரவு எங்கிருந்து வந்தது என்பதே முதற் கேள்வி.

ஸ்பிட்ஃபயரும் இரண்டு சென்டிமீட்டரும்

1942இல் அமெரிக்காவின் நாகா நிறுவனம் ஸ்பிட்ஃபயர் 5ஏ விமானத்தின் கையாளுமையை அளந்தது. அதன் உயர்த்தி மிக மென்மையானது என்று அவ்வறிக்கை காட்டியது. திருப்பத்தின்போது தண்டை ஏறத்தாழ முக்கால் அங்குலம், அதாவது 2 சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவாகப் பின்னிழுத்தாலே விமானம் ஸ்டால் எல்லையைத் தொட்டுவிடும். அதே அறிக்கை மற்றொன்றையும் கூறியது: ஸ்டாலுக்கு வெகுமுன்பே விமானம் நடுங்கி எச்சரிக்கும். அந்த நடுக்கத்தை உணர்ந்து விமானி தன் கையை அளவாக வைத்துக்கொள்ளலாம்.

இப்போது இதை வீட்டுக்குக் கொண்டுவருவோம். மேசை ஜாய்ஸ்டிக்கின் பிடி உண்மைத் தண்டின் மூன்றில் ஒரு பங்கு உயரம் என்று வைத்துக்கொண்டால், அதே கோண அசைவு 6 மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. நடுங்கும் இருக்கையும் இல்லை. மென்பொருளின் கணக்கு முழுவதும் சரியாக இருந்தாலும், ஆடுபவர் கையில் ஸ்பிட்ஃபயர் துள்ளும் குதிரையாகிவிடுகிறது. "மூக்கு நிலையாக நிற்கவே இல்லை, இது பொய்" என்று அவர் முறையிடுகிறார். அவரது குறை நியாயமானது. ஆனால் அவர் காட்டும் காரணம் தவறானது. பிழை காற்றியக்கக் கணக்கில் இல்லை. கணக்கு கைக்கு வந்து சேரும் வழியில் உள்ளது.

இதற்கு மருந்தாக மென்பொருள்கள் மறுமொழி வளைகோடு என்ற அமைப்பைத் தருகின்றன. நடுப்பகுதியில் ஜாய்ஸ்டிக்கின் அசைவு குறைத்து எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஆட்டம் எளிதாகிறது, ஆனால் ஸ்பிட்ஃபயருக்கே உரிய அந்த மென்மை மறைந்துவிடுகிறது. நீண்ட தண்டு பொருத்திய தரைநிலை ஜாய்ஸ்டிக் இதைவிட நேர்மையான மருந்து.

விமானியின் கைவலு

வேகம் கூடக்கூடக் கட்டுப்பாட்டுப் பரப்புகளின் மேல் காற்றின் அழுத்தம் கூடும், தண்டு இறுகும். பிடிபட்ட பிஎஃப் 109இ விமானத்தை 1940இல் சோதித்த பிரித்தானியப் பொறியாளர்கள், மணிக்கு 400 மைல் வேகத்தில் விமானி முழு வலுவையும் செலுத்தினாலும் ஏலரானை அதன் முழு வீச்சில் ஐந்தில் ஒரு பங்குதான் திருப்ப முடிந்தது என்று பதிவு செய்தனர். குறுகிய விமானி அறையில் பக்கவாட்டில் கையை ஊன்ற இடமில்லாததும் இதற்கு ஒரு காரணம். 1942இல் அக்குதான் தீவில் கண்டெடுத்துச் சோதிக்கப்பட்ட ஜப்பானிய சீரோ விமானத்திலும் 200 நாட்டுக்கு மேல் ஏலரான்கள் மிகக் கனத்தன.

வீட்டு ஜாய்ஸ்டிக்கில் இருப்பதோ மாறாத ஒரு சுருள்வில். நின்ற விமானத்திலும் பாயும் விமானத்திலும் அது ஒரே விசையைத்தான் தருகிறது. அக்கறையுள்ள மென்பொருள்கள் திரைக்குப் பின்னால் ஒரு கற்பனை விமானியை வைத்து, அவரது கைவலுவுக்கு மேல் பரப்பு அசையாதவாறு தடுக்கின்றன. விளைவு சரியாகவே வருகிறது: சீரோ அதிவேகத்தில் உருள மறுக்கிறது. ஆனால் காரணம் கைக்குத் தெரிவதில்லை. ஜாய்ஸ்டிக் இலேசாக முழு எல்லைக்குப் போகிறது. விமானம் மட்டும் சோம்பலாகத் திரும்புகிறது. உண்மை விமானியின் தோள்பட்டை வலி ஆடுபவருக்கு வெறும் தாமதமாக மாறிவிடுகிறது.

இதைவிடக் கடினமான ஓர் எடுத்துக்காட்டு பி-51டி மஸ்டாங். அதில் விமானிக்குப் பின்னால் 85 அமெரிக்கக் காலன் கொள்ளும் எரிபொருள் தொட்டி இருந்தது. அது நிறைந்திருக்கும்போது ஈர்ப்புமையம் பின்னகர்ந்து, இறுக்கமான திருப்பத்தில் தண்டு விசை தலைகீழாகும். தண்டு தானே மேலும் பின்னோக்கி வரப் பார்க்கும். விமானி அதை முன்னோக்கித் தள்ளிப் பிடிக்க வேண்டும். நடுவுக்கே திரும்பத் துடிக்கும் சுருள்வில்லால் இதை ஒருபோதும் காட்ட முடியாது. மோட்டார் பொருத்திய விசை மறுமொழி ஜாய்ஸ்டிக்கால் முடியும். மைக்ரோசாஃப்ட் சைட்வைண்டர் விசை மறுமொழிக் கருவி இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் இதை ஓரளவு தந்தது. பின்னர் அந்த வரிசை நின்றுபோனது. நெடுங்காலத்துக்குப் பின், அண்மை ஆண்டுகளில்தான் புதிய கருவிகள் வரத் தொடங்கியுள்ளன. இவற்றின் விலை மாணவருக்கு எட்டாதது.

எஃப்-16 காட்டும் முரண்

பழைய விமானம் எளியது, புதிய விமானம் சிக்கலானது. ஆகவே பழையதைப் பாவனை செய்வதே எளிது என்று தோன்றலாம். கையாளுமையில் நிலைமை நேர்மாறானது. எஃப்-16இல் தண்டுக்கும் பரப்புகளுக்கும் இடையே கணினி உள்ளது. காற்றின் அழுத்தம் விமானியின் கைக்கு வருவதில்லை. முதலில் அதன் பக்கத் தண்டு அசையவே அசையாது, விசையை மட்டும் உணரும் வகையில் அமைக்கப்பட்டது. பின்னர் மிகச் சிறிய அசைவு சேர்க்கப்பட்டது. உண்மை விமானிக்கே தண்டு வழியாகக் காற்றின் கனம் தெரியாதபோது, வீட்டில் அது தெரியாமல் போவது குறையாகாது.

தரவும் கிடைக்கிறது. தாக்குகோணம் மிகப் பெரிதாகும் நிலைகளை ஆராய்ந்து நாசா 1979இல் வெளியிட்ட அறிக்கையில், இவ்வகை விமானத்தின் காற்றுச் சுரங்க அளவீடுகள் உள்ளன. மூக்கை நிமிர்த்தி வேகம் இழந்தால் கணினியின் தடுப்பையும் மீறி விமானம் ஆழ்ஸ்டாலில் சிக்கிக்கொள்ளும். தனி விசையொன்றை அழுத்தி மூக்கை மேலும் கீழும் ஊசலாட்டியே மீள வேண்டும். ஆர்வலர்கள் வளர்த்தெடுத்த ஃபால்கன் பிஎம்எஸ் இந்த நடத்தையைக் காட்டுகிறது. இலாபநோக்கற்ற ஆர்வலர் குழு ஒன்று, திறந்த தரவை வைத்துக்கொண்டு இதைச் செய்ததே இத்துறையின் பெருமைக்குரிய சாதனை எனலாம்.

கடினமாக இருந்தால் உண்மையா?

ஆர்வலரிடையே ஆழமாக வேரூன்றிய ஒரு நம்பிக்கை உண்டு: ஓட்டக் கடினமாக இருந்தால் அது உண்மைக்கு நெருக்கமானது. மேலெழும்போதே ஓடுபாதையை விட்டு விலகும் மஸ்டாங், சிறு தவறுக்கும் சுழலும் பிஎஃப் 109 ஆகியவை "மெய்யானவை" என்று பாராட்டப்படுகின்றன. இந்த நம்பிக்கையை ஏற்க இயலாது.

இவ்விமானங்கள் இருபது வயதுக்கு உட்பட்ட இளைஞர்களும் குறுகிய பயிற்சியுடன் ஓட்டவேண்டும் என்ற தேவையோடு கட்டப்பட்டவை. புரொப்பல்லரின் முறுக்கம் மஸ்டாங்கை இடப்பக்கம் இழுப்பது உண்மையே. அதற்காகச் சுக்கான் சீரமைப்பு வலப்பக்கம் வைக்கப்பட்டது. வால் சக்கரம் பூட்டப்பட்டது. மேலும், மூக்கு விலகத் தொடங்கிய கணமே விமானி அதை இருக்கை வழியாகவும் கண்ணின் ஓரப்பார்வையாலும் உணர்ந்தார். திரைமுன் இருப்பவர் அதைச் சற்றுப் பிந்தித்தான் காண்கிறார். பிந்தியதால் மிகையாகத் திருத்துகிறார். கணக்கு சரியாக இருந்தும் பணி உண்மையைவிடக் கடினமாகிறது.

இங்கே வடிவமைப்பாளர் முன் இரு பாதைகள் உள்ளன. விமானத்தின் மறுமொழியை அப்படியே தருவது ஒன்று. விமானியின் உழைப்பு உண்மையளவாக இருக்குமாறு மறுமொழியைச் சற்று மென்மையாக்குவது மற்றொன்று. இரண்டுக்கும் நியாயம் உண்டு. எதைத் தேர்ந்தோம் என்று சொல்லாமல் இரண்டையும் "மெய்ம்மை" என்ற ஒரே பெயரில் விற்பதுதான் குற்றம். வார் தண்டரில் "ரியலிஸ்டிக்" என்று பெயரிட்ட பிரிவில் எலியால் குறி காட்டினால் போதும். கற்பனைப் பயிற்றுநர் ஒருவர் பரப்புகளை அசைத்துக்கொள்வார். அதே படைப்பில் இவ்வுதவி இல்லாத "சிமுலேட்டர்" பிரிவு தனியே இருப்பது, முதற்பெயர் எவ்வளவு தளர்வானது என்பதைக் காட்டுகிறது.

மதிப்பிடும் வழி

ஒரு படைப்பைச் சோதிக்க விரும்பும் மாணவர் கீழ்க்கண்டவற்றைச் செய்து பார்க்கலாம்.

1. தொடக்ககால ஸ்பிட்ஃபயரில் தண்டைச் சட்டென்று முன்னே தள்ளுக. மிதவைக் கார்புரேட்டர் கொண்ட மெர்லின் இயந்திரம் எதிர் ஜி விசையில் தடுமாற வேண்டும். நேரடி எரிபொருள் செலுத்தல் கொண்ட பிஎஃப் 109 தடுமாறக் கூடாது. 1941இல் பியாட்ரிஸ் ஷில்லிங் வடிவமைத்த தடுப்பு வளையம் இக்குறையைக் குறைத்தது. 2011இல் வந்த கிளிஃப்ஸ் ஆஃப் டோவர் இத்தடுமாற்றத்தைக் காட்டியது.
2. சீரோவை மெதுவாகவும் விரைவாகவும் உருட்டி ஒப்பிடுக. வேறுபாடு பெரிதாக இருக்க வேண்டும்.
3. மஸ்டாங்கின் பின்தொட்டியை நிரப்பியும் காலியாக்கியும் திருப்பிப் பார்க்க. நடத்தை மாறாவிட்டால் ஈர்ப்புமையம் கணக்கில் இல்லை என்று பொருள்.
4. முதல் உலகப் போரின் சொப்வித் கேமலை இருபுறமும் திருப்புக. சுழலும் இயந்திரத்தின் கொட்பு விளைவால் வலத்திருப்பத்தில் மூக்கு தாழவும் இடத்திருப்பத்தில் உயரவும் வேண்டும்.
5. உருளல் வீத வரைபடத்தோடு ஒப்பிடும்போது, அது எவ்வளவு தண்டு விசைக்கு வரையப்பட்டது என்று பார்க்க. 1947இன் நாகா 868ஆம் அறிக்கையின் பெயர்பெற்ற வரைபடம் 50 பவுண்டு விசைக்குரியது. விசையைக் குறிப்பிடாமல் இருபக்கமும் வாதிடுவது வீண்.

முடிவு

காற்றியக்கக் கணக்கைப் பொறுத்தவரை இன்றைய சிறந்த படைப்புகள் வியக்கத்தக்க நேர்மையோடு உள்ளன. இருபது ஆண்டுகளுக்கு முன் கனவாக இருந்தவை இன்று இயல்பாகக் கிடைக்கின்றன. எஞ்சியிருக்கும் இடைவெளி திரைக்கு வெளியே, ஆடுபவரின் கையிலும் இருக்கையிலும் உள்ளது. அச்சமும் களைப்பும் ஜி விசையில் கண் இருள்வதும் அந்த இடைவெளிக்குள் அடங்கும்.

ஆகவே, ஒரு விமானம் எந்த வேகத்தில் எந்தக் குறையைக் கொண்டிருந்தது, ஏன் கொண்டிருந்தது என்பதைக் கற்க இப்பாவனையாக்கிகள் நல்ல ஆசிரியர்கள். அந்தக் குறையோடு போரிட்ட மனிதர் என்ன பட்டார் என்பதற்கு அவை சான்றாகா. "நான் ஓட்டிப் பார்த்தேன், பிஎஃப் 109 மோசம்" என்று சொல்பவர் உண்மையில் ஓட்டியது பிஎஃப் 109இன் கணக்கை, தம் மேசையில் உள்ள சுருள்வில்லின் வழியாக. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், திரையில் கண்டதை அறிக்கைகளோடும் விமானிகளின் நினைவுக் குறிப்புகளோடும் ஒப்பிட்டுப் படிக்கும் பழக்கம் வரும். வரலாற்றை அறிய விரும்புவோருக்கு இப்படைப்புகளால் கிடைக்கும் பெரும் பயன் அதுவே.