உள்பாவாடையில் தொடங்கும் தையல்

தையல் பழகும் பெண் தனக்கென்று முதலில் தைத்துக்கொள்ள ஏற்ற உடை உள்பாவாடை. ரவிக்கையில் கை, அக்குள், கழுத்து என்று வளைவுகள் அதிகம்; பாவாடையில் பெரும்பாலும் நேர்த்தையல்தான். சுமார் 2 மீட்டர் பாப்ளின் போதும். பருத்தித் துணி சுருங்கும் என்பதால் வெட்டுவதற்கு முன்பே நனைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டுவிட வேண்டும்.

மெஷினில் முதலில் நூல் கோக்காத ஊசியைக் கோடு போட்ட தாளின்மேல் ஓட்டிப் பழகுவது நல்ல வழக்கம். காலும் கையும் ஒத்துப்போக அதைவிட எளிய வழி இல்லை. மிதிக்கும்போது சக்கரம் பின்பக்கம் சுழன்றால் நூல் சிக்கி அறுந்துவிடும். மேல்நூல் அளவுக்கு மீறி இறுகினால் பாபின் நூல் துணியின் மேல்பக்கத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

நாலு துண்டுப் பாவாடையின் அழகெல்லாம் வெட்டில் இருக்கிறது. துணியைச் சாய்வாக வெட்டுவதால் ஒவ்வொரு துண்டும் இடுப்பில் குறுகி அடியில் விரிகிறது. அதன் ஒரு பக்கம் நேர் ஓரம், மறுபக்கம் கிராஸ் ஓரம். கிராஸ் ஓரம் இழுத்தால் நீளும். இரண்டு கிராஸ் ஓரங்களைச் சேர்த்துத் தைத்தால் அந்த இடம் நாளடைவில் தொங்கிப்போகும். அதனால்தான் ஒரு துண்டின் கிராஸ் ஓரத்தை அடுத்ததன் நேர் ஓரத்தோடு இணைக்கிறார்கள்; நேர் இழை மற்றதைத் தாங்கிக்கொள்கிறது. புடவைக்குள் மறைந்தே கிடக்கும் ஓர் உடைக்கு இத்தனை யோசனை செலவாகியிருப்பது வியக்கத்தக்கது.

பிறகு இடுப்புப் பட்டி, பக்கத்தில் சிறு திறப்பு, அடி மடிப்பு. நாடாவின் நுனியில் ஊக்கைக் குத்திப் பட்டிக்குள் நகர்த்திக் கொண்டுவந்தால் பாவாடை உடுத்தத் தயார்.