காவலாளி கணக்கு எழுதலாமா?

லினக்ஸ் தந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கிய 'கிட்', இன்று பெரும்பாலான ப்ரோக்ராமர்களின் கணக்குப்பிள்ளை. யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்று பேரேடு வைத்திருக்கும். அதில் எனக்குப் பிடித்தது 'ஸ்டேஜிங்'. ஒரு ஃபைலில் பத்து வரி மாற்றியிருந்தாலும் மூன்றை மட்டும் பொறுக்கி, 'இதை மட்டும் பதிந்துகொள்' எனலாம். ஊருக்குப் போகும்போது பெட்டியில் எடுத்து வைத்த துணி வேறு, கொடியில் தொங்குவது வேறு, இல்லையா?

பதிவதற்கு முன் சோதிக்க வாசலில் ஒரு காவலாளியும் உண்டு. பெயர் ப்ரீ-கமிட் ஹூக். ஒரு சின்ன ஸ்க்ரிப்ட்தான். அது பூஜ்யம் சொன்னால் போகலாம். வேறு எண் சொன்னால் கமிட் ரத்து.

சிக்கல் என்னவென்றால், அவசரத்தில் எழுதப்பட்ட பல ஹூக்குகள் பெட்டியைத் திறப்பதே இல்லை. டிஸ்க்கில் இருக்கும் ஃபைலை, அதாவது கொடியைப் பார்த்துவிட்டு 'சரி, போ' என்கின்றன. பெட்டிக்குள் கிழிந்த சட்டை!

இன்னொரு ரகம் இதைவிட மோசம். தானே ஃபைலைத் திருத்தி, மொத்தத்தையும் பெட்டியில் திணித்துவிடும். எனக்கு நடந்தது. ஒரே ஃபைலில் இரண்டு மாற்றங்கள். ஒன்று நிஜமான திருத்தம், மற்றது சோதனைக்காகத் தற்காலிகமாக எழுதிய பாஸ்வேர்ட். முதலாவதை மட்டும் ஸ்டேஜ் செய்தேன். எங்கிருந்தோ எடுத்துப் போட்ட ஹூக், இடைவெளிகளை அழகாகச் சீர்செய்து, பாஸ்வேர்டையும் சேர்த்து, என் பெயரில் பதிந்துவிட்டது. நாலு பேருக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் கவனித்தேன். இந்த நிலையில் வரியை அழித்து என்ன பயன்? பழைய பதிவில் அது அப்படியே இருக்கும். பாஸ்வேர்டையே மாற்றினேன்.

நல்ல ஹூக் எழுத முடியாதா? முடியும். கிட்டுடன் வரும் மாதிரி ஹூக்கே ஸ்டேஜ் ஆனதைத்தான் பார்க்கிறது. 'ப்ரீ-கமிட்' என்ற அதே பெயரில் பைத்தானில் எழுதிய ஒரு கருவி இருக்கிறது. ஸ்டேஜ் ஆகாததை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டுச் சோதிக்கிறது. எதையாவது திருத்தினால் கமிட்டை நிறுத்திவிடுகிறது. 'பார்த்துட்டு நீயே சேர்த்துக்கோ' என்கிற மாதிரி. மரியாதை தெரிந்த காவலாளி.

அதிகப்பிரசங்கிக் காவலாளிகளால் வரும் நஷ்டம் வேறு. வெறுத்துப்போய் எல்லோரும் 'நோ-வெரிஃபை' என்ற கொல்லைப்புறக் கதவைப் பழகிக்கொள்கிறார்கள். அப்புறம் வாசலில் யார் நின்றால் என்ன?

காவலாளி தடுக்கலாம், திட்டக்கூடச் செய்யலாம். நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் மட்டும் ஒரு வரி சேர்க்கக் கூடாது.