நம்பியவரும் அறியார், நீங்கியவரும் அறியார்

பைபிள் எப்படி உண்டாயிற்று என்று பக்தியுள்ள கிறித்தவர் பலரைக் கேட்டுப் பாருங்கள். "ஆண்டவன் அருளினான்; அடியார்கள் எழுதினார்கள்" என்பார்கள். எந்த அடியார், எந்தக் காலத்தில், எந்த மொழியில், யாருக்காக எழுதினார் என்று மேலும் கேட்டால் திகைப்பார்கள். "பாதிரியாரைக் கேளுங்கள்" என்று விடை வரும்.

அந்தச் சமயத்தைத் துறந்து வெளியேறியவர்களைக் கேட்டுப் பாருங்கள். திகைப்பே இராது! "கான்ஸ்டண்டைன் என்னும் ரோமப் பேரரசன், 325ஆம் ஆண்டில் நைசியா நகரிலே பிஷப்புமார்களைக் கூட்டினான், வாக்கெடுப்பு நடத்தினான், தனக்கு வேண்டிய நூல்களைச் சேர்த்தான், வேண்டாதவற்றைக் கொளுத்தினான், அன்று பிறந்தது பைபிள்!" என்று அவர்களிற் பலர் அடித்துச் சொல்வார்கள்.

முன்னவர் சொன்னது விடையே அன்று. பின்னவர் சொன்னது விடைதான், தவறான விடை!

பக்தரின் அறியாமையை எடுத்துக்காட்டப் பகுத்தறிவு ஏடுகள் பல உண்டு. நீங்கியவரின் அறியாமையை எடுத்துக்காட்டவேண்டிய கடமையும் அந்த ஏடுகளுக்கே உண்டு. வைத்தியன் தன் வீட்டு நோயை மறைக்கலாமோ?

2010ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே பியூ ஆய்வு மையம் ஒரு சோதனை நடத்தியது. 3,412 பேரிடம் சமயங்களைப் பற்றி 32 வினாக்கள் விடுத்தது. சராசரியாகச் சரியான விடை வந்தது 16 வினாக்களுக்கு. நாத்திகரும் ஐயவாதிகளும் 20.9 பெற்று முன்னணியில் நின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் கிறித்தவ இல்லங்களில் வளர்ந்து, பின்னர் விலகியவர்கள். நற்செய்தி நூல்கள் நான்கின் பெயரையும் சொல்ல முடிந்தவர்கள் நூற்றுக்கு 45 பேர்தாம்! ஞாயிறுதோறும் கோவில் மணி ஒலிக்கும் நாட்டிலே, நாள்தோறும் அந்நூலின்மீது ஆணையிடும் நாட்டிலே, இந்நிலை!

பகுத்தறிவாளர்கள் பூரித்தார்கள். "பார்த்தீர்களா, மறுப்பவனே படித்தவன்!" என்று பறைசாற்றினார்கள். பூரிப்புக்குக் காரணம் உண்டு. ஆயினும் கணக்கை முழுவதும் காணவேண்டாமா? பைபிளும் கிறித்தவமும் பற்றிய 12 வினாக்களை மட்டும் தனியே எடுத்தால், மார்மன் பிரிவினர் 7.9, வெள்ளையரான சுவிசேஷப் பிரிவினர் 7.3, நாத்திகரும் ஐயவாதிகளும் 6.7. உலகச் சமயங்களைப் பற்றிய பொது அறிவில் முந்தியவர்கள், தாம் விட்டு வந்த நூலைப் பொறுத்தமட்டில் பிந்திவிட்டார்கள்.

மற்றொன்றும் காணவேண்டும். அவ்வினாக்கள் எவை? முதல் நூலின் பெயர் என்ன, மோசே யார், ஏசு பிறந்த ஊர் எது என்பன போன்றவை. பல நூலுக்குள் இருப்பதைப் பற்றியவை. நூல் எங்கிருந்து வந்தது, எவர் தொகுத்தார் என்பன அல்ல. கதை தெரிந்தவர் என்று சான்றிதழ் பெறலாம். கதையின் வரலாறு தெரிந்தவர் என்று அதைக் கொண்டு மார்தட்ட இயலாது.

அந்த வரலாறுதான் என்ன?

புதிய ஏற்பாட்டைத் திறந்தால் முதலில் நிற்பவை நான்கு நற்செய்தி நூல்கள். ஆதலால் அவையே முதலில் எழுதப்பட்டவை என்று எண்ணுவோர் ஏராளம். உண்மை வேறு. அத்தொகுப்பில் நமக்குக் கிடைப்பவற்றுள் மிகப் பழையவை பவுலின் கடிதங்கள்; கி.பி. 50ஐ ஒட்டி எழுதப்பட்டவை. நற்செய்திகளுள் முந்தியது மாற்கு. 70ஆம் ஆண்டை ஒட்டியது என்பது ஆய்வாளர் பெரும்பாலோர் முடிவு. அந்நான்கு நூல்களின் ஆசிரியரும் நூலுக்குள் தம் பெயரைச் சொல்லவில்லை. மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்னும் பெயர்கள் பின்னர் இடப்பட்ட தலைப்புகள். 180ஆம் ஆண்டளவில் ஐரேனியஸ் என்னும் பிஷப், "நற்செய்திகள் நான்கே, கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது" என்று வாதாடுகிறார். ஏன் வாதாடவேண்டும்? கூட்டியவரும் குறைத்தவரும் இருந்தமையால்தான்! மார்சியன் ஒரே நற்செய்தியையும் பவுலின் பத்துக் கடிதங்களையும் வைத்துக்கொண்டார். டேஷியன் நான்கையும் உருக்கி ஒரே கதையாக வார்த்தார். சிரியத் திருச்சபைகள் அதை நெடுங்காலம் ஓதின.

இன்றுள்ள 27 நூல்களையும், கூட்டாமல் குறைக்காமல், ஒரே பட்டியலில் நமக்குத் தரும் முதல் சான்று 367ஆம் ஆண்டிற்கு உரியது. அலெக்சாந்திரியாவின் பிஷப் அத்தனாசியஸ் எழுதிய கடிதம் அது. ஏசு மறைந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னர்!

அதன் பிறகாவது வழக்கு முடிந்ததா? இல்லை. கத்தோலிக்கருக்கு 73 நூல்கள். சீர்திருத்தச் சபையாருக்கு 66. எத்தியோப்பியத் திருச்சபைக்கு 81 என்பது மரபுக் கணக்கு. "இதுவே முடிந்த முடிபு" என்று கத்தோலிக்கத் திருச்சபை ட்ரெண்ட் பேரவையில் ஆணையிட்டது 1546இல். சீர்திருத்தத் தலைவர் லூதரோ, யாக்கோபின் கடிதத்தையும் வெளிப்படுத்தல் நூலையும் ஐயக்கண் கொண்டே பார்த்தார்.

ஆண்டவன் அருளிய நூலுக்கு அளவுகூட உறுதியில்லை! இதைப் பாதிரிமார் அறியாரோ? அறிவர். இறையியல் கல்லூரிகள் பலவற்றில் இவை பாடமாகவே நடக்கின்றன. வகுப்பறையிலிருந்து பிரசங்க மேடைக்கு ஏறும் வழியிலேதான் அப்பாடம் உதிர்ந்துவிடுகிறது. உதிராமல் எடுத்துச் சென்றவருக்கு என்ன நேர்ந்தது? ஸ்காட்லாந்திலே ராபர்ட்சன் ஸ்மித் என்னும் எபிரேயப் பேராசிரியர், பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்திற்காக 1875இல் 'பைபிள்' என்னும் கட்டுரையை எழுதினார். உபாகமம் மோசே எழுதிய நூலன்று என்பது போன்ற ஆய்வு முடிவுகளை அதில் எடுத்துரைத்தார். அவர் நாத்திகரல்லர், பக்தர், அச்சபையின் ஊழியர். எனினும் ஆண்டுக்கணக்கில் விசாரணை! 1881இல் பதவி பறிபோயிற்று! சபையார் அறியாமையில் இருக்கிறார்கள் என்றால், அந்த அறியாமை தானாக முளைத்த செடியன்று. வேலி கட்டி வளர்க்கப்பட்டது.

இனி, நீங்கியவர் கதைக்கு வருவோம்.

நைசியாவில் பேரவை கூடியது உண்மை. கூட்டியவன் கான்ஸ்டண்டைன் என்பதும் உண்மை. ஆனால் அங்கே நடந்தது என்ன? ஏசு, தந்தையாகிய கடவுளுக்கு நிகரானவரா, அவரால் படைக்கப்பட்டவரா என்பதே பெரும் வழக்கு. படைக்கப்பட்டவர் என்ற ஆரியஸ் தோற்றார். ஈஸ்டர் விழாவின் நாள் பற்றி முடிவு செய்தார்கள். திருச்சபை நடைமுறைக்கு 20 விதிகள் வகுத்தார்கள். அவ்விதிகள் இன்றும் கிடைக்கின்றன. நூற்பட்டியல் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை!

எண்ணிப் பாருங்கள். நைசியாவில் பட்டியல் முடிவாகியிருந்தால், 42 ஆண்டுகள் கழித்து அத்தனாசியஸ் பட்டியல் எழுதவேண்டிய தேவை என்ன? அவர் நைசியாவுக்கு நேரில் சென்றிருந்தவர். "பேரவை தீர்ப்பளித்துவிட்டது" என்று ஒரு வரியில் முடித்திருக்கலாமே! அப்படி அவர் சொல்லவில்லை. பின்னர் ஹிப்போவில் 393இலும் கார்த்தேஜில் 397இலும், வட ஆப்பிரிக்காவின் வட்டாரப் பேரவைகள் பட்டியல் வகுத்தன. அவையும் ஏற்கெனவே வழக்கத்தில் ஊன்றியதை எழுத்தில் இட்டனவே ஒழிய, வெற்றுத் தாளில் தொடங்கவில்லை.

பின் அக்கதை எங்கிருந்து வந்தது? வேடிக்கையைக் கேளுங்கள். ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியளவில் எழுந்த ஒரு கிரேக்கத் தொகுப்பில், நைசியாவிலே எல்லா நூல்களையும் பலிபீடத்தருகே வைத்து வேண்டினார்கள் என்றும், தெய்வ நூல்களும் போலி நூல்களும் அற்புதத்தால் பிரிந்து நின்றன என்றும் ஒரு புராணம் உண்டு. பேரவை நடந்து ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் பிறந்த புராணம்! வால்டேர் அதை எடுத்து எள்ளி நகையாடினார். காலப்போக்கில் நகைப்பு மறைந்தது, நைசியா நிலைத்தது. அற்புதம் இருந்த இடத்தில் அரசனின் சூழ்ச்சி வந்து அமர்ந்தது. 2003இல் வெளிவந்த 'டாவின்சி கோடு' என்னும் ஆங்கில நாவல், கற்பனைப் பாத்திரம் ஒன்றின் வாயிலாக அதை உலகெங்கும் பரப்பியது. பக்தர்கள் கட்டிய புராணத்தைப் பகுத்தறிவாளர் சுமப்பதா?

நம் இளைஞர்கள் போற்றிப் பயிலும் தாமஸ் பெயினையே இங்கே உரைத்துப் பார்க்கலாம். 'பகுத்தறிவுக் காலம்' என்னும் அவருடைய நூலின் முதற்பகுதி 1794இல் வெளிவந்தது. அதை எழுதும்போது தம்மிடம் பைபிள் பிரதியே இல்லை என்று இரண்டாம் பகுதியின் முன்னுரையில் அவரே சொல்கிறார். பின்னர் நூலைக் கையில் பெற்றார். வரி வரியாகப் படித்தார். 1795இல் இரண்டாம் பகுதியை வெளியிட்டார். அங்கேதான் அவர் வாள் மின்னுகிறது! ஆபிரகாம் பகைவரைத் தாண் என்னும் ஊர்வரை துரத்தினார் என்கிறது ஆதியாகமம். மோசேக்கு நெடுங்காலம் பின்னரே அவ்வூருக்கு அப்பெயர் வந்தது என்கிறது நியாயாதிபதிகள் நூல். மோசே எழுதியதாயின் இனிமேல் பிறக்கப்போகும் ஊர்ப்பெயர் அதிலே எப்படி நுழைந்தது? பைபிளைக் கொண்டே பைபிளை மடக்கும் இக்கேள்விக்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் கூர் மழுங்கவில்லை. அதே பெயின், நூல்களை வாக்கெடுத்துத் தேர்ந்தார்கள் என்றும், நைசியாவிலும் லவோதிக்கேயாவிலும் என்றும் எழுதும் இடம் வலுவற்றது. தாமே படித்ததைச் சொன்ன இடத்தில் பெயின் மலை. கேட்டதைச் சொன்ன இடத்தில் மணல்மேடு. ஆசான் என்பதற்காக மணல்மேட்டையும் மலை என்று வணங்கினால், அது பக்தியன்றி வேறென்ன?

"பைபிள் மனிதர் செய்தது என்பதுதானே முடிவு? அது நைசியாவில் நடந்தாலென்ன, ஹிப்போவில் நடந்தாலென்ன?" என்று கேட்கும் தோழர் உண்டு. இரண்டு கேடுகள் உண்டு, தோழரே! நீங்கள் சொன்ன நைசியாக் கதையைப் படித்த பாதிரியார் ஒருவர் ஐந்தே நிமிடத்தில் உடைத்துவிடுவார். உடைத்துவிட்டு, "பகுத்தறிவாளர் சொல்வதெல்லாம் இப்படித்தான்" என்று சபையாரைப் பார்த்துப் புன்னகைப்பார். நீங்கள் சொல்லும் மெய்யும் அந்தப் பொய்யோடு சேர்ந்தே புதைந்துபோகும். இது முதல் கேடு.

இரண்டாவது கேடு பெரிது. ஒரே நாள், ஒரே ஊர், ஒரே அரசன், ஒரே ஆணை, நூல் பிறந்தது! இந்தக் கதையின் அச்சு எந்த அச்சு? சீனாய் மலையிலே இடி முழக்கத்தோடு கற்பலகை இறங்கிய கதையின் அச்சே அன்றோ! கடவுளை எடுத்துவிட்டுக் கான்ஸ்டண்டைனை வைத்தார்கள். கதை அப்படியே நிற்கிறது. உண்மை வரலாற்றில் ஒற்றைச் சூழ்ச்சிக்காரன் இல்லை. பல நூற்றாண்டுகள், பல ஊர்கள், பல மொழிகள். எழுதியவர், படியெடுத்தவர், திருத்தியவர், சேர்த்தவர், நீக்கியவர். எண்ணற்ற மனிதர்களின் கை அதில் இருக்கிறது. வானிலிருந்து வந்தது என்னும் வாதத்தை வீழ்த்த அது போதும். கட்டுக்கதையின் துணை தேவையில்லை.

இந்த வரலாற்றை அறிந்தவரெல்லாம் நம்பிக்கையைத் துறந்துவிடுவர் என்றும் கணக்கிட வேண்டாம். புதிய ஏற்பாட்டுக் கையெழுத்துப் படிகளின் ஆய்வில் புகழ்பெற்ற புரூஸ் மெட்ஸ்கர் இறுதிவரை பக்தர். அவருடைய மாணவர் பார்ட் எர்மன் பக்தராகத் தொடங்கி, பின்னர் விலகியவர். அப்பாடத்தைப் பற்றிய மெட்ஸ்கரின் நூலை, 2005இல் இருவரும் சேர்ந்தே திருத்திப் புதுப்பித்தார்கள். தாம் விலகியதற்குக் காரணம் கையெழுத்துப் படிகளின் பிழைகள் அல்ல, உலகில் மக்கள் படும் துன்பமே என்று எர்மன் சொல்கிறார். சான்றுகளைப் பொறுத்தமட்டில் ஆசிரியரும் மாணவரும் ஒரே பக்கத்தில் நின்றார்கள். நம்பியவர் மழுப்பவில்லை, நீங்கியவர் புனையவில்லை. அந்த நேர்மை நம் படிப்பகங்களுக்கும் வேண்டும்.

அதற்குக் கடல் கடக்க வேண்டுவதில்லை. தமிழிலேயே இரண்டு பைபிள்கள் எளிதாகக் கிடைக்கின்றன. சீர்திருத்தச் சபையார் ஓதும் பழைய மொழிபெயர்ப்பு ஒன்று. கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் இணைந்து 1995இல் கொணர்ந்த 'திருவிவிலியம்' மற்றொன்று. இரண்டிலும் யோவானின் முதற் கடிதம் ஐந்தாம் அதிகாரத்தை எடுத்து, ஏழாம் வசனத்தை அருகருகே வைத்துப் படியுங்கள். பரலோகத்திலே சாட்சி கூறும் மூவரைப் பற்றிய வரி பழையதில் இருக்கும், புதியதில் இராது. பழைய கிரேக்கப் படிகளிலே அவ்வரி இல்லை. இலத்தீன் வழி நுழைந்தது அது. எராஸ்மஸ் 1516இல் கிரேக்கப் பதிப்பை அச்சிட்டபோது அதை விட்டுவிட்டார்; கண்டனம் எழுந்தது; 1522இல் சேர்த்துவிட்டார். மூவொருமைக் கொள்கைக்குத் தூணெனக் காட்டப்பட்ட வரியின் வரலாறு இது!

அவ்விரு பக்கங்களையும் உங்கள் ஊர்ப் படிப்பகத்தின் மேசைமேல் விரித்து வையுங்கள். கிறித்தவ நண்பரையும் அழையுங்கள். கேலி வேண்டாம், கூச்சல் வேண்டாம். இரண்டையும் அவரே படிக்கட்டும். "ஏன் இந்த வேறுபாடு?" என்ற கேள்வி அவர் வாயிலிருந்தே பிறக்கட்டும். அதற்கு நைசியா என்று விடை சொல்லாத தோழர் ஒருவராவது அந்த மேசையருகே இருக்கவேண்டும்.