மந்திர வட்டமும் மக்கள் அரங்கும்

அயர்லாந்துக் கவிஞர் டபிள்யூ. பி. யேற்ஸைப் பற்றிப் பேசுவோர் இருதிறப்படுவர். ஒருசாரார் அவரது மறைபொருட் குறியீடுகளைக் கண்டு, விளங்காமையே கவிதையின் விழுப்பம் என்பர். மற்றொரு சாரார், மந்திரச் சடங்குகளில் மூழ்கிய ஒருவரிடம் முற்போக்காளர் பெறத்தக்கது யாதுமில்லை என்பர். இரண்டும் வரலாற்றுக்குப் பொருந்தா என்பதே எமது கருத்து.

1888இல் இலண்டனில் வெஸ்ற்கொற், மாதேர்ஸ், வூட்மன் என்னும் மூவர் ‘பொற்புலரி’ என்ற மறைநெறிச் சங்கத்தை நிறுவினர். யேற்ஸ் 1890இல் அதிற் சேர்ந்தார். புதியவரைக் கண்கட்டிக் கயிற்றாற் பிணித்து உள்ளே கொணர்தல், இரகசியம் காப்பதாகச் சத்தியம் வாங்குதல், நிலம், வளி, நீர், தீ என்னும் பூதங்களின் பெயரால் படிப்படியாக உயர்த்துதல் ஆகியன அதன் சடங்குகள். பிரீமேசன் சங்கங்கள் பெண்களை ஏற்காத அக்காலத்தில், ஆணுக்கு நிகராகப் பெண்ணையும் அது சேர்த்துக்கொண்டது. இதனை நாம் மறைத்தல் தகாது.

இச்சங்கம் அந்நகரில் தோன்றியது தற்செயலன்று. டார்வினுக்குப் பின் சமய நம்பிக்கை ஆட்டங்கண்டது. யந்திர நாகரிகம் கற்பனையை வறளச் செய்தது. நடுத்தர வர்க்கத்தார் சிலர், தாம் இழந்ததை மூடிய அறைக்குள் தேடினர். ஆனால் வெளியுலகின் பதவிப்படிகளும் தலைமைப் போட்டியும் அவர்களுடனேயே உள்ளே நுழைந்தன. 1900 ஏப்ரலில், மாதேர்ஸின் சார்பில் அலிஸ்ரர் குறோலி ஸ்கொத்லாந்து உடையும் முகமூடியும் தரித்துச் சங்கத்தின் அறைகளைக் கைப்பற்ற முனைந்தார். ஆவிகளை அழைக்கப் பயின்றவர்கள், அவரை அகற்றப் பொலிஸ்காரரை அழைக்க நேர்ந்தது!

இங்ஙனமாயின் யேற்ஸ் அங்குப் பெற்றது யாது? மாதேர்ஸ் தந்த குறியட்டை ஒன்றைக் கொண்டு கண்மூடியிருந்தபோது, பாலைவனத்து இடிபாடுகளிடையே கரிய பேருருவம் ஒன்று எழக் கண்டதாக அவர் தமது நினைவுக் குறிப்புகளிற் கூறுகிறார். அந்தக் காட்சி தனியொருவரின் கனவாகவே நின்றது. முதலாம் உலகப் போரும் ரஷ்யப் புரட்சியும் அயர்லாந்தின் கிளர்ச்சியும் நிகழ்ந்த பின்னரே, 1919இல், அதனையொத்த பாலைவன விலங்கு ‘இரண்டாம் வருகை’ என்னும் கவிதையிற் புகுந்தது. புரட்சியைக் கண்டு கவிஞர் அஞ்சினார், அவ்வச்சம் நமதன்று. எனினும் ஒரு யுகம் நிலைகுலைவதன் நடுக்கத்தை அக்கவிதை பொய்யின்றிப் பதிவுசெய்தது. அதனை உணர எவருக்கும் தீட்சை வேண்டியதில்லை. 1925இல் வெளிவந்த ‘ஒரு தரிசனம்’ என்ற நூலிலோ அவரது தனித் தத்துவம் சக்கரங்களும் கட்டங்களுமாக விரிகிறது. அதனுட் புகத் திறவுகோல் வேண்டும்.

வி. கே. நாராயண மேனனின் யேற்ஸ் பற்றிய நூலை 1943இல் மதிப்பிட்ட ஜோர்ஜ் ஓர்வெல், இரகசிய ஞானத்தில் வைத்த நம்பிக்கைக்கும் மக்களாட்சியின்மீது கொண்ட வெறுப்புக்கும் உள்ள உறவைச் சுட்டினார். ஞானம் சிலருக்கே உரியது என்பவர், ஆட்சியும் சிலருக்கே உரியது என்ற முடிவுக்கு எளிதில் வருவர். 1933இல் யேற்ஸ் நீலச்சட்டைப் படையினர்பாற் சிலகாலம் சாய்ந்தமையை நாம் இவ்வாறே விளங்கிக்கொள்கிறோம்.

ஆயினும் மற்றொரு செய்தியும் உண்டு. மாதேர்ஸுக்குச் சில ஆண்டுகள் பணம் வழங்கியவர், அதே சங்கத்தைச் சேர்ந்த, தேயிலை வணிகக் குடும்பத்துப் பெண் அனி ஹோர்னிமன். 1904இல் டப்ளினில் அபே அரங்கு திறக்கப்பட உதவியதும் அவரது பணமே. ஒரே செல்வம் பூட்டிய அறைக்கும் சென்றது. பொது அரங்குக்கும் சென்றது. யேற்ஸின் குறியீடுகளும் அவ்வாறே இருவழிப்பட்டன.

ரோசாவும் சிலுவையும் பொற்புலரியார் படைத்தவை அல்ல. பல தலைமுறை மக்களின் வழிபாட்டிலும் பாட்டிலும் விளைந்த பொதுச்சொத்து அவை. ஆகவே யேற்ஸைக் கற்பிக்கும் ஆசிரியரும் கற்கும் மாணவரும், ‘இக்குறியீட்டின் இரகசியம் யாது?’ என்று கேட்பதோடு அமையலாகாது. இது மக்களின் அனுபவத்தை நோக்கித் திறக்கிறதா, தீட்சை பெற்ற சிலருக்குள் அடங்கிவிடுகிறதா என்றும் கேட்டல் வேண்டும். நம்மவரின் புதுக்கவிதைகளையும் இவ்வினாவைக் கொண்டே நாம் அளத்தல் தகும்.