நஸ்ரீன் முகமதி கண்ட கடற்கரை

கடற்கரை ஓவியம் என்றதும் அலையும் படகும் அந்திவானமுமே நம் நினைவுக்கு வருகின்றன. நஸ்ரீன் முகமதி அம்மையாரின் (1937–1990) படைப்புகளில் இவற்றைத் தேடுவோர் ஏமாற்றமே அடைவர். கராச்சியில் பிறந்து, லண்டனில் பயின்று, 1972 முதல் பரோடாவில் ஓவியம் கற்பித்த அவர், தம் படைப்புகளுள் பெரும்பாலானவற்றுக்குத் தலைப்பும் இடவில்லை, ஆண்டும் குறிக்கவில்லை.

1960களில் மை கரைத்துத் தீட்டிய படங்களில் நிலமும் செடிகொடியும் மங்கலாகவேனும் தென்பட்டன. எழுபதுகளிலோ, அளவுகோல் வைத்துப் பேனாவாலும் பென்சிலாலும் இழுத்த நுண்கோடுகளே எஞ்சின. இவற்றை வெறும் கணக்கியல் வரைபடம் என்று ஒதுக்குதல் தகுமா? தகாது என்பதே நம் கருத்து. அவர் எடுத்த புகைப்படங்களை இடையில் வைத்து நோக்கினால் தொடர்பு விளங்கும். ஈர மணலில் நீர் விட்டுச் சென்ற வரிகளைக் கண்ட அதே கண், தாளிலும் வெளியையும் இடைவெளியையும் அளக்கக் காண்கிறோம்.

வலை இழுப்போரின் வியர்வைக்கு இக்கரையில் இடமில்லை, அது குறையே. ஆயினும், உடலின் இயக்கத்தைக் குலைத்த நரம்பு நோய்க்கு இடையிலும் கோணாத கோட்டினை இழுத்த கையின் உழைப்பை நாம் மறத்தலாகாது. கடலின் தோற்றத்தை விடுத்து அதன் ஒழுங்கை நாடியவர் என்றே அவரை மதிக்கிறோம்.